முப்பத்தொரு முறை இளைப்பாறியவர்

புரோசார்ட்
14 ஜனவரி 2025

'வடமுனை' மாத இதழில் 'வேகமாய் வாழ்ந்தோர்' தொடர் எழுதும் திரு. ஆனந்தராசா அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் வாழ்த்துகள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் இதழ் இலவசம் என்பதால் என் மகன் ஹரிபிரசாத் கடையில் முருங்கைக்காய் வாங்கும்போது அதையும் எடுத்து வருகிறான். முருங்கைக்காய் உறைந்து வருகிறது. இதழை நான் முழுவதும் படிக்கிறேன், கல்யாண மண்டப விளம்பரங்கள் உட்பட. இந்த மாதம் எட்டோரே வல்மார்க்கி என்ற இத்தாலியக் கார் பந்தய வீரரின் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஃபோர்லி நகரத்தில் ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தது, சின்னக் கார்களில் பெயரெடுத்தது, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியைக் கனவில் கண்டது, கடைசியில் குளியலறை ஓடு விற்கும் ஒருவர் நடத்திய ஏழை அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்றுக்கு வந்தது எல்லாம் நன்றாக இருக்கிறது. அதன் பிறகு இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

"வல்மார்க்கி ஏப்ரலில் பிரேசிலில் இளைப்பாறினார். இரண்டு கிழமையில் மனம் மாறி மீண்டும் வந்து போர்த்துக்கலில் இளைப்பாறினார். மே மாதம் மொனாக்கோவில் இளைப்பாறினார். இவ்வாறு முப்பத்தொரு முறை இளைப்பாறிய அவர், எடுத்த முடிவில் நிற்கத் தெரியாத மனிதர் என்பதில் ஐயமில்லை."

முதலில் எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் இளைப்பாறுவது என்றால் வெயிலில் நடந்து வந்தவர் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது. பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திவிட்டு நிழல் தேடும் ஆளை அந்த ஓட்டு வியாபாரி எப்படி வேலைக்கு வைத்திருந்தார் என்று யோசித்தேன். பிறகு அடுத்த பக்கத்து மரண அறிவித்தலில் 'இளைப்பாறிய தபாலதிபர்' என்று பார்த்தபோதுதான் விளங்கியது. உங்கள் ஊரில் அது வேலையிலிருந்து ஓய்வு பெறுவது.

ஐயா, பந்தய முடிவுகளில் 'ரிட்டயர்ட்' என்று இருந்தால் ஓட்டுநர் ஓய்வு பெற்றார் என்று அர்த்தமில்லை. கார் கெட்டுப்போய் அன்றைய பந்தயத்திலிருந்து விலகினார் என்று அர்த்தம். வல்மார்க்கி முப்பத்தொரு முறை மனம் மாறவில்லை. முப்பத்தொரு முறை அவருடைய கார் நின்றுபோனது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் கணவர் ஆறுமுகம் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் கார் பந்தயங்களில் நேரம் குறிப்பவராக இருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவள் நான். ஐந்து வருடத்துக்கு முன் அவரும் இளைப்பாறினார். எங்கள் ஊர் அர்த்தத்திலும் அல்ல, உங்கள் ஊர் அர்த்தத்திலும் அல்ல.

திருத்தம் வெளியிடவும்.

இப்படிக்கு,
சௌந்தரவல்லி ஆறுமுகம்

செயின்ட்-மிஷேல்
29 ஜனவரி 2025

மதிப்புக்குரிய திருமதி சௌந்தரவல்லி ஆறுமுகம் அவர்கட்கு,

தங்கள் கடிதம் 'வடமுனை' அலுவலகத்தில், அதாவது ஆசிரியர் பிரணவனின் கார் டிக்கியில், சில நாள் கிடந்து என் கைக்கு வந்தது. "அங்கிள், உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. லோயர் கடிதமோ தெரியேல்லை, நான் உடைக்கேல்லை" என்று சொல்லித் தந்தார். ஆறு வருடமாக எழுதுகிறேன். வாசகர் கடிதம் வருவது இதுவே முதல் தடவை என்பதால் எங்கள் இருவருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

இளைப்பாறுதல் நல்ல தமிழ்ச் சொல். நான் இங்கே மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பயணப் பொதிகள் ஏற்றிவிட்டு மூன்று வருடத்துக்கு முன் இளைப்பாறினேன். அன்று எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். அதில் என் பெயர் பிழையாக இருந்தது. நான் திருத்தம் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

வல்மார்க்கி விடயத்தில் தாங்கள் சொல்வது சரியாக இருக்கவும் கூடும். ஆனால் வாசகர்கள் அவரை முடிவில் நிற்காதவராக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். போன கிழமை கடையில் ஒருவர் என்னை மறித்து, "அண்ணை, உந்த இத்தாலிக்காரனும் எங்கட சங்கத் தலைவரும் ஒரே சாதிதான். ராசினாமாக் கடிதம் எந்த நேரமும் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள" என்று பாராட்டினார். இந்த வாசகரை இழக்க நான் தயாரில்லை. எனக்கு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

திருத்தம் வெளியிட இதழில் இடமில்லை. கேட்டதற்குப் பிரணவன், "திருத்தம் போட்டா முந்திப் போட்டது பிழை எண்டு சனத்துக்குத் தெரிஞ்சிடும், அங்கிள்" என்றார். பத்திரிகைத் தொழிலை இவ்வளவு சுருக்கமாக விளங்கிக்கொண்டவரை நான் கண்டதில்லை.

இத்துடன் இவ்விடயம் முற்றுப்பெற்றதாகக் கருதுகிறேன். மேலதிகக் கடிதங்கள் தேவையில்லை.

இங்ஙனம்,
க. ஆனந்தராசா

பி.கு.: என் வீட்டு முகவரியை உறையின் பின்புறம் எழுதியுள்ளேன். பிரணவனின் டிக்கி நம்பத் தகுந்ததல்ல.

இன்னொரு பி.கு.: சோழவரத்தில் மழை பெய்தால் பந்தயம் நடக்குமா?

புரோசார்ட்
18 பிப்ரவரி 2025

திரு. ஆனந்தராசா அவர்களுக்கு,

முற்றுப்பெற்ற விஷயத்துக்கு இரண்டு பின்குறிப்பு போட்டிருக்கிறீர்கள்.

சோழவரத்தில் மழைக்குப் பயமில்லை. பந்தயம் பொங்கலை ஒட்டி நடக்கும். அது பழைய விமான ஓடுபாதை. பிரச்சினை நாய்கள்தான். ஒரு தடவை ஓர் எருமை பாதி சுற்றுக்கு முன்னிலையில் இருந்தது என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். நான் அதற்கு நேரம் குறிக்கவில்லை. அது பெயர் கொடுத்திருக்கவில்லை.

பிப்ரவரி இதழைப் பார்த்தேன். 'ஸ்லிக்' டயரை 'வழுக்கை டயர்' என்று எழுதி, புது டயர் வாங்க வசதியில்லாத அணி தேய்ந்த டயரிலேயே வல்மார்க்கியை ஓடவிட்டது என்று கண்ணீர் விட்டிருக்கிறீர்கள். அது வழுவழுப்பாகவே செய்யப்படும் டயர். காய்ந்த பாதையில் நன்றாகப் பிடிக்கும். பணக்கார அணிகளும் அதைத்தான் போட்டன. அடுத்து 'பிட்'. டயர் மாற்றவும் பழுது பார்க்கவும் கார் ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு அது பெயர். நீங்கள், "வல்மார்க்கி பந்தயத்துக்குப் பந்தயம் பள்ளத்துக்குள் இறங்கி ஏற வேண்டியிருந்தது, இத்தனை கோடி செலவழித்தவர்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். வீட்டில் யாரும் இல்லாததால் அது சற்று விநோதமாகக் கேட்டது.

இங்கே காலையில் கராஜ் கதவு மூடும் சத்தத்துக்கும் மாலையில் அது திறக்கும் சத்தத்துக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசல் கதவுக்கு ஒரு ரகசிய எண் இருக்கிறது. தப்பாக அழுத்தினால் அலாரம் அடித்து மகனுக்கு ஆபீசில் தெரிந்துவிடும். அதனால் நான் கதவைத் தொடுவதில்லை. பேத்திக்கு மூன்று வயது. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிரெஞ்சு படித்து வந்து, நான் "பால்" என்றால் "லே" என்று திருத்துகிறாள். திருத்துவது எங்கள் குடும்பப் பழக்கம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

சௌந்தரவல்லி

செயின்ட்-மிஷேல்
6 மார்ச் 2025

மதிப்புக்குரிய அக்கா,

பள்ளமில்லாத இடத்துக்குப் பள்ளம் என்று பெயர் வைத்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பது நியாயமாகாது.

எருமை விடயத்தை மூன்று தரம் வாசித்தேன். கீழ் வீட்டு ஹெயிட்டிக்காரருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எருமை எத்தனையாவதாக வந்தது என்று கேட்டார். தெரிந்தால் அறியத் தரவும்.

இங்கே பனி இன்னும் சன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. தாங்கள் கராஜ் கதவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் வீட்டில் கராஜ் இல்லை, ஆகையால் அந்தச் சத்தமும் இல்லை. மனைவி நிரஞ்சனி தொறொன்றோவில் இருக்கிறார். பிரிந்துவிட்டோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஆறு கிழமை பார்த்துக்கொள்ளப் போனவர், நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். "சாப்பிட்டீங்களோ?" என்பார். "ஓம்" என்பேன். "என்ன கறி?" என்பார். நான் ஒரு கறியின் பெயர் சொல்வேன். "சரி, அப்ப வைக்கிறன்" என்பார். போனைத்தான் சொல்கிறார்.

எழுத வந்தது வேறு. மார்ச் இதழ் வெளிவந்துவிட்டது. வல்மார்க்கி மிக வேகமாக ஓடிப் பந்தயத்தின் முதலிடத்திலிருந்து புறப்பட்ட ஒரே நாளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். இருந்தாலும் தாங்கள் கவனமாகப் படிக்கவும்.

அன்புடன்,
ஆனந்தராசா

புரோசார்ட்
15 ஏப்ரல் 2025

திரு. ஆனந்தராசா அவர்களுக்கு,

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். என் வயதை உங்களுக்கு யார் சொன்னது?

மார்ச்சில், முதலிடத்திலிருந்து புறப்படும் 'போல் பொசிஷன்' என்பதற்கு, "வல்மார்க்கியைக் கம்பத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள், பாவம்" என்று எழுதினீர்கள். சிரித்துவிட்டு விட்டேன். ஏப்ரல் இதழ் அப்படியல்ல.

முப்பத்திரண்டு பந்தயங்களில் முப்பத்தொன்றில் கார் நின்றது. ஒன்றே ஒன்றை அந்த மனிதர் முடித்தார், அதுவும் இந்த மாண்ட்ரியாலில். பந்தயத்தை முடிப்பவருக்குக் காட்டும் கட்டம் போட்ட 'செக்கர்ட்' கொடியை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்தார். அந்த இடத்தில் நீங்கள் எழுதியிருப்பது: "வல்மார்க்கிக்கு அன்று செக்கோஸ்லோவாக்கியக் கொடி காட்டப்பட்டது. ஓர் இத்தாலியருக்கு அந்நாட்டுக் கொடியை ஏன் காட்டினார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை."

ஜனவரி இதழில் அதே கொடியைச் சரியாக எழுதியவர் நீங்கள். ஏப்ரலில் மறந்துவிட்டீர்களா? கம்பமும் தெரிந்து செய்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. நான் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காகத் தப்பு எழுதுகிறீர்கள். குழந்தைக்கு முன்னால் பொம்மையைத் தள்ளிவிட்டு, எடுத்துக் கொடு என்று விளையாட்டுக் காட்டுவது போல. என்னோடு விளையாடுங்கள், பரவாயில்லை. அந்த மனிதருக்குக் கிடைத்த ஒரு கொடியைப் பிடுங்கி விளையாட வேண்டாம்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. இந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்பக் கிழித்து எழுதுவதை ஹரிபிரசாத் பார்த்துவிட்டான். "எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்படறீங்க? அந்த ஆள் திருந்தற மாதிரி தெரியலையே. எடிட்டர் நம்பர் பேப்பர்லயே இருக்கு, நான் பேசிட்டேன். இனிமே நீங்க எழுத வேண்டியதே இல்ல" என்றான். நல்லது செய்த முகத்தோடு சொன்னான்.

சௌந்தரவல்லி ஆறுமுகம்

செயின்ட்-மிஷேல்
30 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய திருமதி சௌந்தரவல்லி அவர்கட்கு,

தொடர் நிறுத்தப்பட்டது. பிரணவன் வீட்டுக்கே வந்து, சப்பாத்துக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. ஒரு இந்தியப் பெடியன் போன் எடுத்தவன். தாயார் அழுறா எண்டு சொல்லுறான்."

"அழமாட்டா" என்றேன்.

"செக்கோஸ்லோவாக்கியா எண்டு போட்டிருக்கிறியள் அங்கிள். அப்பிடி ஒரு நாடே இப்ப இல்லை."

"அப்பவும் அந்தக் கொடி இல்லை."

"அதுதான் நானும் சொல்லுறன். அந்தப் பக்கத்தை ஒரு புது மண்டபக்காரர் கேக்கிறார். நீங்கள் கொஞ்ச நாளைக்கு இளைப்பாறுங்கோ."

எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

தாங்கள் கண்டுபிடித்தது சரி. கம்பமும் கொடியும் தெரிந்து எழுதியவை. வழுக்கை டயரும் பள்ளமும் சொந்த அறியாமை. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிழையில்லாமல் எழுதிய ஆறு வருடத்தில் (அல்லது பிழையை ஒருவரும் காணாத ஆறு வருடத்தில்) தபாற்பெட்டியில் மின்சாரக் கட்டணமும் பீட்சா விளம்பரமுமே வந்தன. பீட்சாக்காரர் என்னை 'அன்புள்ள அயலவரே' என்று அழைப்பார். தங்கள் கடிதங்கள் வரத் தொடங்கியதும் நான் மாடிப்படி இறங்கிப் பெட்டியைப் பார்க்கும் ஆளாகிவிட்டேன். பிழை எழுதுவது எனக்குச் சிரமமான வேலையாக இருக்கவில்லை.

கொடி விடயத்தில் தாங்கள் கோபித்தது நியாயம். அதற்கு ஒரு விளக்கம் உண்டு. கடைசி அத்தியாயத்தில் எழுதியிருப்பேன். இனி அத்தியாயம் இல்லை, பிழையும் இல்லை, ஆகவே தங்களுக்கு வேலையும் இல்லை. இதுவரை எடுத்த சிரமத்துக்கு நன்றி.

தங்கள் மகனைக் கோபிக்க வேண்டாம்.

ஆனந்தராசா

புரோசார்ட்
9 மே 2025

திரு. ஆனந்தராசா அவர்களுக்கு,

மகனைக் கோபித்தாகிவிட்டது. உங்கள் கடிதம் தாமதமாக வந்தது.

"உன்னை யாருடா பேசச் சொன்னா?" என்றேன். "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்றான். மருமகள் அனுஷா நடுவில் வந்து, "அத்தை, உங்களுக்கு எழுதணும்னா லைப்ரரில சீனியர்ஸ் கிளப் இருக்கு, சேத்து விடட்டுமா?" என்றாள். எனக்கு எழுத வேண்டாம், சண்டை போட வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குக் கிளப் இருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிடுவாள் என்பதால் சொல்லவில்லை.

வேலை இல்லை என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கடைசி அத்தியாயத்தை எனக்கு எழுதுங்கள். வாசகி ஒருத்திதான் என்பதால் மண்டபக்காரர்கள் இடம் கேட்க மாட்டார்கள். இவ்வளவு வீரர்கள் இருக்க, யாரும் கேள்விப்படாத இந்த வல்மார்க்கியை எதற்கு எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஒரு கோப்பை வாங்காதவருக்குத் தொடர் எழுதுவது சாதாரண விஷயமல்ல.

திருத்த மாட்டேன் என்று வாக்குத் தர முடியாது.

சௌந்தரவல்லி

செயின்ட்-மிஷேல்
27 மே 2025

அன்புள்ள சௌந்தரவல்லி அவர்கட்கு,

இது 'வேகமாய் வாழ்ந்தோர்' தொடரின் கடைசி அத்தியாயம். வழக்கமான இடத்தில் வழக்கமான படம் இல்லை. படம் எப்போதும் வேறு யாருடையதாகவோதான் இருந்தது.

1986-இல் நான் அகதியாக மொன்றியலுக்கு வந்தேன். அந்த முதல் கோடையில் ஒரு நாள் வேலை கிடைத்தது. தீவில் ஏதோ ஓட்டம் நடக்கிறது, முடிந்ததும் பார்வையாளர் மேடையில் குப்பை பொறுக்க வேண்டும் என்றார்கள். கறுப்புப் பையோடு மேடைக்குப் பின்னால் நின்றேன். ஓட்டத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் போயிற்று, வந்தது, போயிற்று. பிறகு சனம் எழும்பத் தொடங்கியது. எங்களை உள்ளே விட்டார்கள். நான் கடதாசிக் கோப்பைகளைப் பொறுக்கினேன்.

பாதையோரம் ஒருவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது தூரத்தில் ஒரு கார் தனியாக வந்தது. அந்த மனிதர் அவசரமாகக் கொடியை விரித்து, இரண்டு கையாலும் வீசினார். கார் மெதுவாக அவரைக் கடந்தது. உள்ளே இருந்தவர் ஒரு கையை உயர்த்தினார். அங்கே மேடையில் மிச்சமிருந்தவர்கள் நாங்கள்தான், குப்பை பொறுக்கிகள். நாங்கள் கை தட்டினோம்.

வென்றவர் அவர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வேறெப்படி நினைக்க முடியும்? எங்கள் ஊர்க் கூட்டங்களில் பிரதம விருந்தினர் கடைசியாகத்தான் வருவார். சனம் பாதி எழும்பிப் போன பிறகு தனிக் காரில் வருவார். அவர் வந்தால்தான் கொடி. அந்தக் காரின் இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு, பெயரை விசாரித்து அறிந்துகொண்டேன். வல்மார்க்கி. பல வருடம், உலகத்தின் முதல் ஓட்டக்காரரைக் கண்ணால் கண்டவன் என்று ஆட்களுக்குச் சொல்லித் திரிந்தேன். கடைசியில் விமான நிலையத்தில் கூட வேலை செய்த ஓர் இத்தாலியர், சிரிப்பில் பொதியொன்றைக் கீழே போட்டுவிட்டு, உண்மையைச் சொன்னார். அன்று ஓடி முடித்தவர்களில் வல்மார்க்கிதான் கடைசி. நான்கு சுற்றுப் பின்னால்.

அடுத்த வருடம், பணம் போடும் அனுசரணையாளரோடு வந்த வேறொருவருக்கு அந்தக் குளியலறை ஓட்டு வியாபாரி காரைக் கொடுத்துவிட்டார். வல்மார்க்கி ஊருக்குப் போய் அப்பாவின் ரொட்டிக் கடையில் நின்றார். 'ரிட்டயர்ட்' என்று முப்பத்தொரு முறை அச்சடித்த பத்திரிகைகள், அவர் உண்மையிலேயே ரிட்டயர் ஆனபோது ஒரு வரி போடவில்லை. சொல் தீர்ந்துபோயிருக்கலாம்.

கொடியை ஏன் பகிடியாக்கினேன் என்று கேட்டீர்கள். அந்த இடத்தை நேராக எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அந்தக் கோடையில் எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. அடுத்த நாள் நான் எழும்பி வேலை தேடிப் போனதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. வென்றவரைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது. பிழையான எண்ணம். அதை அச்சில் போட்டால் கடையில் ஒருவர் வந்து பாராட்டுவார் என்று பயந்தேன்.

ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்து ஓட்டம். சீட்டு வாங்கி உள்ளே போவதற்கு நாங்கள் குளியலறை ஓடு விற்றிருக்க வேண்டும். ஆனால் ஜான்-ட்ராப்போ மெட்ரோ வாசலில் நின்றாலே சத்தம் கேட்கும். நான் மதியத்திலிருந்து அங்கே நிற்பதாக இருக்கிறேன். மண்ணிறத் தொப்பி. தாங்கள் வருவதானால் ஸ்டாப்வாட்ச் தேவையில்லை.

ஆனந்தராசா

புரோசார்ட்
4 ஜூன் 2025

திரு. ஆனந்தராசா அவர்களுக்கு,

கடைசி அத்தியாயத்தில் பிழை எதுவும் இல்லை. தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். இந்த நாட்டில் மகன் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. மகனோடு வந்தால், அம்மாவுக்குப் பொழுதுபோக வைத்ததற்கு அவன் உங்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிடுவான். அதை நாம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

எருமை கடைசி வரை ஓடவில்லை. நடுவில் இளைப்பாறியது. எங்கள் ஊர் அர்த்தத்தில்.

சௌந்தரவல்லி

செயின்ட்-மிஷேல்
17 ஜூன் 2025

அன்புள்ள சௌந்தரவல்லி அவர்கட்கு,

வரமாட்டேன் என்று தாங்கள் எழுதியிருந்ததால் நான் காத்திருக்கவில்லை. காத்திருக்காமலே ஓட்டம் முடியும் வரை நின்றேன். நல்ல வெயில். சத்தம் நன்றாகக் கேட்டது. முந்தின காலத்து இரைச்சல் இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒருவர் குறைப்பட்டார். கையில் மரக்கறி ரோல்ஸ் இரண்டு இருந்தன. அது தற்செயல். கடையில் இரண்டிரண்டாகத்தான் விற்கிறார்கள்.

ஓட்டம் முடிந்ததும் மெட்ரோ வாசலுக்குச் சனம் வெள்ளமாக வந்தது. எல்லோரும் யாரோடாவது கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் கடைசி ஆள் போகும் வரை நின்றேன். எனக்கு அது பழக்கம். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

இனி எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. தொடரும் முடிந்தது, ஓட்டமும் முடிந்தது. தாங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

ஆனந்தராசா

புரோசார்ட்
24 ஜூன் 2025

ஆனந்தராசா அவர்களுக்கு,

இன்று கியூபெக் மாகாண விடுமுறை. எல்லோரும் பின்பக்கம் நண்பர்களோடு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். எனக்கு நிழலில் நல்ல நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து எழுந்து வந்து இதை எழுதுகிறேன். இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

நான் வந்தேன்.

அன்றைக்கு அவர்களுக்கு ஒரு பிறந்தநாள் விழா. எனக்குத் தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்டேன். கார் போன சத்தம் அடங்கியதும் கதவின் ரகசிய எண்ணை அழுத்தினேன். அலாரம் அடிக்கவில்லை. பஸ் பிடித்து, பாலத்தின் மேல் போகும் ரயிலில் ஏறி, ஆற்றைத் தாண்டி, பிறகு மெட்ரோ. பெரி நிலையத்தில் வழி கேட்ட பெண் பிரெஞ்சில் கையை ஆட்டி 'கோஷ், கோஷ்' என்றாள். பேத்தியின் புண்ணியத்தில் அது இடது பக்கம் என்று தெரிந்தது.

வாசலில் வந்ததுமே உங்களைத் தெரிந்துவிட்டது. எழுத்தில் நீங்கள் குள்ளமான ஆள். நேரில் உயரம். ஓர் இளைஞனைப் பிடித்து வைத்து, 'ரிட்டயர்ட்' என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நின்று கேட்டேன். சரியாகவே விளக்கினீர்கள். அவன் எப்போது விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் போய் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓட்டம் முடியும் வரை அங்கேதான் இருந்தேன். இரண்டு ரோல்ஸையும் நீங்களே சாப்பிட்டதைப் பார்த்தேன். இரண்டாவதை வெகுநேரம் கழித்துத்தான் சாப்பிட்டீர்கள்.

எழுந்து வந்து பேசாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். வந்திருந்தால் நீங்கள் "வாங்கோ, பிரயாணம் எப்படி?" என்றிருப்பீர்கள். நான் "நல்லா இருந்தது" என்றிருப்பேன். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், முழங்கால் வலி எப்படி, குளிர் பழகிவிட்டதா. என்னிடம் எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள். நான் என்ன சொன்னாலும் "சரிம்மா" என்கிறார்கள். ஆறு மாதமாக என்னை மறுத்துப் பேசிய மனிதர் நீங்கள் ஒருவர்தான். அதுவும் எழுத்தில். நேரில் நீங்களும் மரியாதையாக நடந்துகொள்வீர்களோ என்று பயமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் கொஞ்சம் எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அவர்கள் வருவதற்கு முன்னால் வந்து படுத்துவிட்டேன். "தலைவலி எப்படிம்மா இருக்கு?" என்றான். "சரியாகிவிட்டது" என்றேன். "சரிம்மா" என்றான்.

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி எங்காவது நிற்பதாக இருந்தால் இடமும் நேரமும் எழுதுங்கள். வரமாட்டேன் என்றுதான் பதில் போடுவேன். நீங்கள் வந்து நில்லுங்கள்.

சௌந்தரவல்லி